பெயர், எண், மனை: புகுபதிகையின் வரலாறும் வீட்டுக் கணினியின் சிக்கல்களும்

வீட்டுக் கணினி நமக்குச் சொந்தமானது. நம் பணத்தில் வாங்கியது. நம் மேசையில் இருப்பது. ஆயினும் ஒவ்வொரு நாளும் அதைத் திறக்கும்போது ‘நீங்கள் யார்?’ என்று அது நம்மையே வினவுகிறது. விடை பொருந்தவில்லையெனில் உள்ளே விட மறுக்கிறது. சில வேளைகளில் உள்ளே விட்டுவிட்டு, நம் கோப்புகள் ஒன்றையும் காட்டாமல் வெறுந்திரையை முன்னே நிறுத்துகிறது. கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்கு நாள்தோறும் வந்துசேரும் முறையீடுகளில் இவ்விரண்டும் அடங்கும். பல கடைகளில் இரண்டிற்கும் தரப்படும் மருந்து ஒன்றே: ‘ஃபார்மேட் செய்துவிடலாம்.’

அந்த மருந்து பெரும்பாலான நேரங்களில் தேவையற்றது. நோய் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்க்கு அதன் தேவையின்மை எளிதில் விளங்கும். புகுபதிகை என்னும் ஏற்பாடு வீட்டுக் கணினிக்காக உருவானதன்று. நூற்றுக்கணக்கானோர் ஓர் எந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் கழித்து நம் வீட்டுக்குக் குடிவந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகவும், அதிலிருந்து பழுதுநீக்கத்துக்குக் கிடைக்கும் பாடங்களைச் சற்று விரிவாகவும் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

1. கணக்கு என்ற சொல் ஏன் வந்தது?

1950களில் கணினியை நேரே அணுகியவர்கள் மிகச் சிலர். ஆய்வாளர் தம் நிரலைத் துளையட்டைகளில் பதிந்து, கட்டாகக் கட்டி, இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். விடை அச்சாகி வரச் சில மணிநேரமோ ஒரு நாளோ ஆகும். ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தாலும் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே ‘நீ யார்?’ என்ற வினாவுக்கே இடமில்லை. அட்டைக்கட்டின் மேல் எழுதிய பெயர் போதுமானதாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது நேரப்பகிர்வு முறை. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு 1961 நவம்பரில் முதன்முறையாகச் செய்துகாட்டப்பட்டது. ஒரே கணினியின் நேரத்தை நொடிக்கும் குறைந்த துண்டுகளாக நறுக்கிப் பலருக்கும் மாறிமாறி வழங்குவது அதன் அடிப்படை. ஒவ்வொருவரும் தம் முனையத்தில் அமர்ந்து, கணினி முழுவதும் தமக்கே உரியது போல உணர்ந்து பணிபுரியலாம்.

பலர் ஒரே வேளையில் பயன்படுத்தத் தொடங்கியவுடன் இரண்டு தேவைகள் எழுந்தன. முதலாவது, யார் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்று கணக்கு வைக்க வேண்டும். கணினி நேரம் அக்காலத்தில் பெரும்பொருள். இரண்டாவது, ஒருவருடைய கோப்புகள் மற்றவருடைய கோப்புகளோடு கலந்துவிடாமல் தனித்தனி இடம் வகுக்க வேண்டும். இன்று நாம் ‘பயனர் கணக்கு’ என்று சொல்லும்போது ‘கணக்கு’ என்ற சொல் உருவகமாகவே தோன்றுகிறது. அன்று அது பொருள் மாறாத நேர்ச்சொல்: நிமிடங்களின் வரவுசெலவுக் கணக்கு. கடவுச்சொல் இந்தக் கணக்கைக் காக்கும் சிறுபூட்டாக வந்து சேர்ந்தது.

அந்தப் பூட்டை முதலில் திறந்துகாட்டியவரும் ஒரு முனைவர்பட்ட ஆய்வாளரே என்பது நம்மைப் போன்றோர்க்குச் சுவையான செய்தி. ஆலன் ஷெர் என்பவருக்கு வாரம் நான்கு மணிநேரம் ஒதுக்கப்பட்டிருந்தது; அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியாக ஒரு வேண்டுகோளை வெள்ளிக்கிழமை இரவு செலுத்தினார். சனிக்கிழமை காலை அச்சுத்தாள்களை எடுத்துக்கொண்டார். பிறருடைய ஒதுக்கீட்டு நேரம் அவருக்குக் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார். கவனிக்க: அவர் தேடியது எவருடைய மறைபொருளையும் அன்று, கணினி நேரத்தை.

2. ஒரே மனையில் இருவர்

1966இல் அதே அமைப்பில் நேர்ந்த ஒரு பிழை, இன்றைய வீட்டுக் கணினிச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள இன்னும் ஏற்ற சான்று. ஒருநாள் மாலை ஏறத்தாழ ஐந்து மணிக்குப் பின் உள்நுழைந்த ஒவ்வொரு பயனருக்கும், வழக்கமான அன்றாட அறிவிப்புக்கு மாறாக, அனைவருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகி வந்தன. 1990ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பட்டோ இந்நிகழ்ச்சியை விளக்கினார்.

காரணம் எளியது. கோப்புகளைத் திருத்தும் மென்பொருள், திருத்தம் நடக்கும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். அதற்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு பயனரின் கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பணிபுரிவார் என்ற எண்ணத்தில் அவ்வாறு அமைத்திருந்தார்கள். ஆனால் அமைப்பின் நிர்வாகிகள் ஒரே கோப்பகத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டிருந்தனர். அன்று ஒருவர் அறிவிப்பைத் திருத்த, மற்றொருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்த, இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன.

ஓர் ஆளுக்கு ஒரு மனை என்ற கருதுகோளின் மேல் கட்டிய வீட்டில் இருவர் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தந்தை, தாய், பள்ளி செல்லும் பிள்ளை என மூவரும் ஒரே பயனர் கணக்கில் புழங்கும் நம் வீட்டுக் கணினிகளை இங்கே நினைவுகூரலாம்.

3. பெயர் வேறு, எண் வேறு

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் இந்த ஏற்பாட்டை ஒரே வரியில் எழுதிவைக்கும் அளவுக்குச் செறிவாக்கியது. யூனிக்ஸின் பயனர் கோப்பில் ஒருவருக்கு ஒரு வரி. வரிக்குள் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சில பகுதிகள். பயனர்பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், விவரம், மனைக் கோப்பகம், தொடக்க நிரல் என்பன அவை.

இவற்றுள் ‘விவரம்’ என்று நான் குறித்த பகுதிக்கு இன்றளவும் ‘ஜீகாஸ்’ என்றே பெயர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒரு பழைய இயக்குதளத்தின் பெயர் அது. பெல் ஆய்வகத்தார் அந்த எந்திரத்துக்கு அச்சுப்பணிகளை அனுப்பத் தேவையான அடையாளத்தை அப்பகுதியில் எழுதிவைத்தனர். எந்திரம் மறைந்தது, பெயர் மட்டும் எஞ்சியது. வழக்கொழிந்த பொருளின் பெயர் வேறொரு பொருளைத் தாங்கி நிற்பதை மொழியியலில் பலமுறை கண்டிருக்கிறோம். இங்கே அது கணினிக்குள் நிகழ்ந்திருக்கிறது.

முதன்மையான கருத்து வேறு. பெயர் மனிதர்க்கானது, எண் எந்திரத்துக்கானது. ஒரு கோப்பு யாருக்கு உரியது என்பதை யூனிக்ஸ் எண்ணைக் கொண்டே நினைவில் வைக்கிறது. பெயரை மாற்றினாலும் உரிமை மாறாது. அதே பெயரில் வேறோர் எண்ணுடன் புதிய கணக்கைத் தொடங்கினால், பழைய கோப்புகளுக்கு அவர் அயலார். வீட்டுக் கணினியில் ‘அதே பெயரில்தான் புதிய கணக்கைத் தொடங்கினேன், என் கோப்புகளைக் காணவில்லையே’ என்று வருந்துவோர்க்கு விடை இங்கேதான் உள்ளது.

கடவுச்சொல்லின் வரலாற்றிலும் இக்காலத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைத்தால் 1962உம் 1966உம் மீண்டும் நிகழும். எனவே அதை ஒருவழிச் சார்பின் மூலம் உருமாற்றி, உருமாறிய வடிவத்தை மட்டும் சேமிக்கலாம் என்ற எண்ணம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் முதலியோரால் 1960களில் செயற்படுத்தப்பட்டது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, உருமாறிய வடிவத்திலிருந்து மூலச்சொல்லைப் பெற இயலாது. பயனர் ஒரு சொல்லைத் தட்டச்சிட்டால், அதையும் அதே வகையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுவர், அவ்வளவே.

1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் வெளியிட்ட கட்டுரை இவ்வேற்பாட்டின் வலுவையும் மனிதரின் வலுவின்மையையும் சேர்த்தே காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத்தக்கவை. ஒரே எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர்கள்கூட 15 பேர் இருந்தனர்.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் உண்டு. ‘மறந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று எவரேனும் சொன்னால், அவர் பெரும்பாலும் செய்யப்போவது பழைய சொல்லை அழித்துப் புதியதை இடுவதுதான். அதில் ஓர் இழப்பு உண்டு. விண்டோஸின் உட்கணக்கு ஒன்றில் கடவுச்சொல்லை வெளியிலிருந்து வலிந்து மாற்றினால், அக்கணக்கின் பெயரில் மறையாக்கம் செய்த கோப்புகளும் சேமித்துவைத்த பிற கடவுச்சொற்களும் படிக்க முடியாதவையாகிவிடக்கூடும். மாற்றுமுன் இதைக் கேட்டறிவது நம் கடமை.

4. சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு

‘லாக்’ என்னும் ஆங்கிலச் சொல் முதலில் மரக்கட்டையைக் குறித்தது. கடலோடிகள் முடிச்சிட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணிக் கப்பலின் விரைவைக் கணித்தனர். அந்த அளவைக் குறித்துவைத்த ஏடு மரக்கட்டையின் பெயரைப் பெற்றது. பின்னர் எந்தப் பதிவேட்டுக்கும் அதுவே பெயராயிற்று. கணினிக்குள் நுழைவோர் பதிவேட்டில் பதியப்பட்டதால் அச்செயலுக்கும் அப்பெயர் வந்தது.

தமிழில் ‘உள்நுழைவு’, ‘புகுபதிகை’ என்ற இரண்டும் வழங்குகின்றன. முதலாவது எளிமையானது, பேச்சில் நிற்கக்கூடியது. ஆனால் ‘புகுந்து பதிதல்’ என்ற இரு செயல்களையும் ஒருங்கே சொல்வது இரண்டாவதுதான். ‘வருகை’, ‘இருக்கை’ என்பவற்றில் உள்ள அதே விகுதி ‘பதிகை’யிலும் உள்ளது. ‘கடவுச்சொல்’ என்பதும் நல்ல ஆக்கம். ‘கடவு’ வழியையும் கடத்தலையும் சுட்டுவதால் கடவுச்சீட்டோடு இயல்பாக உறவுகொள்கிறது.

சிக்கல் தருவது ‘ப்ரொஃபைல்’ என்பதற்கு இடைமுகங்களில் காணப்படும் ‘சுயவிவரம்’ என்ற சொல். இத்தாலிய மூலத்தில் அச்சொல்லுக்குப் புறவரி தீட்டுதல் என்று பொருள். நூலிழையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. சமூக ஊடகத்தில் ஒருவரின் புறவடிவைத் தீட்டும் பக்கத்துக்குச் ‘சுயவிவரம்’ பொருந்தலாம். இயக்குதளத்தில் அது குறிப்பது ஒருவருடைய கோப்புகள், அமைப்புகள், மேசைத்தளம் அனைத்தும் அடங்கிய குடியிருப்பை. ‘உங்கள் சுயவிவரத்தை ஏற்ற முடியவில்லை’ என்ற செய்தியைக் கண்டவர், தம் பெயரும் பிறந்தநாளும் எங்கோ பிழையாகிவிட்டன என்று எண்ணினால் அது அவர் குற்றமன்று. யூனிக்ஸார் வைத்த ‘மனை’ என்ற பெயரே பொருளை விளக்குகிறது. இப்பதிவில் அதையே கையாள்கிறேன்.

5. புகுபதிகை வீட்டுக்கு வந்த கதை

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் புகுபதிகை இல்லை. எம்.எஸ். டாஸ் எவரையும் யார் என்று கேட்கவில்லை. மின்விசையைத் தட்டியவரே உரிமையாளர். ‘தனிக்கணினி’ என்ற பெயரே பங்கீட்டிலிருந்து விடுதலையை அறிவித்தது.

1995 ஆகஸ்டு இந்தியர்க்கு இரட்டைத் தொடக்கம். அம்மாதம் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளியானது. மாணவர்களுக்கென அந்நிறுவனம் வழங்கிய மலிவான கணக்கில் எழுத்துகள் மட்டுமே தோன்றும். தொலைபேசி வழியே தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணினியில் நுழைந்து பணிபுரிய வேண்டும். அங்கே புகுபதிகை மெய்யான கதவு. அதே மேசையிலிருந்த விண்டோஸ் 95இன் புகுபதிகைப் பெட்டியோ எஸ்கேப் விசையை அழுத்தினால் விலகிவிடும். கடவுச்சொல் இன்றியே உள்ளே செல்லலாம். ஒன்று கதவு, மற்றொன்று திரைச்சீலை. வீட்டுக் கணினியின் கடவுச்சொல் ஓர் ஒப்பனை என்ற எண்ணம் நம்மிடையே ஊறியதற்கு அந்தத் திரைச்சீலையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அலுவலகங்களுக்கென 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. வேறு மரபில் பிறந்தது. பெருங்கணினிகளின் பட்டறிவு கொண்ட டேவ் கட்லர் அதன் தலைமை வடிவமைப்பாளர். ஒவ்வொரு பயனருக்கும் நீண்டதொரு பாதுகாப்பு எண், கோப்புதோறும் உரிமைப் பட்டியல், ஒவ்வொருவருக்கும் தனி மனை என யூனிக்ஸுக்கு இணையான கட்டமைப்பு அதில் இருந்தது. 2001 அக்டோபர் 25இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. வழியாக அந்த அலுவலகக் கட்டமைப்பு முழுமையாக வீட்டுக்குள் வந்தது.

வந்த கோலம் மட்டும் எளிமையானது. வரவேற்புத் திரையில் ரப்பர் வாத்து, கிதார், சதுரங்கக் காய் போன்ற படங்கள், சொடுக்கினால் போதும். நிறுவும்போது தொடங்கிய கணக்குகள் அனைத்தும் நிர்வாகி உரிமையுடையவை, கடவுச்சொல் கட்டாயமில்லை. அந்த வாத்துப் படத்தின் பின்னால் 1961இலிருந்து வளர்ந்த பெயர், எண், மனை என்னும் மூன்றடுக்கு முழுமையாக இயங்கியது. வெளித்தோற்றம் விளையாட்டாக இருந்ததால் உள்ளமைப்பை அறிய வேண்டிய தேவை எவர்க்கும் தோன்றவில்லை.

மனையின் முகவரியும் மாறியது. எக்ஸ்.பி.யில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்றிருந்த கோப்புறை, 2007இல் விஸ்டாவோடு ‘யூசர்ஸ்’ என்று சுருங்கியது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டே வீட்டுக் கணினிக்குள் நுழையும் வழி ஏற்பட்டது. தொலைக்கணினியின் புகுபதிகையும் வீட்டுக் கணினியின் புகுபதிகையும் மீண்டும் ஒன்றாயின. தனிக்கணினி தந்த விடுதலை முப்பதே ஆண்டுகளில் பின்வாங்கியது.

6. கதவு திறக்கவில்லையா, மனை மாறிவிட்டதா?

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டால், எல்லாப் புகுபதிகைச் சிக்கல்களையும் இரண்டு வகைக்குள் அடக்கலாம். முதல்வகையில் கதவே திறப்பதில்லை. இரண்டாம் வகையில் கதவு திறக்கிறது. ஆனால் நாம் நுழைவது நம் மனைக்குள் அன்று. இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு.

கதவு திறக்காதபோது முதலில் ஐயுற வேண்டியது விசைப்பலகையை. தமிழில் எழுதுவோர்க்கு இது தனியே பொருந்தும். இந்திய அரசு தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் போன்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு புகுபதிகைத் திரையில் செயலில் இருந்தால், நாம் ஆங்கில எழுத்துகளை அழுத்துவதாக எண்ணிக்கொண்டு தமிழ் எழுத்துகளை உள்ளிடுவோம். திரையில் தெரிவது புள்ளிகள் மட்டுமே என்பதால் பிழை புலப்படாது. திரையின் கீழ்மூலையில் உள்ள மொழிக்குறியைப் பார்க்க வேண்டும். கடவுச்சொற் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண்வடிவக் குறியை அழுத்திப் பிடித்தால் உள்ளிட்டது தெரியும். பெரிய எழுத்துப் பூட்டு, எண் பூட்டு இரண்டையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

அடுத்தது, திரை கேட்பது எதை என்று தெளிதல். ‘பின்’ எனப்படும் குறுக்க எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் எல்லாக் கருவிகளுக்கும் பொது. கைப்பேசியில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருந்து, கணினி இணையத்தில் இணையாமல் இருந்தால், அது பழைய சொல்லையே எதிர்பார்க்கும். இணையத்தில் இணைத்த பின் புதியது செல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்காயின் மறந்த கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மீட்டமைக்கலாம். உட்கணக்காயின், அதை உருவாக்கும்போது விடையளித்த பாதுகாப்பு வினாக்கள் உதவும். அல்லது அதே கணினியில் உள்ள மற்றொரு நிர்வாகிக் கணக்கு உதவும்.

இரண்டாம் வகைதான் மக்களை அச்சுறுத்துவது. கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, ஆனால் மேசைத்தளம் வெறுமையாக உள்ளது, பின்னணிப் படம் மாறியிருக்கிறது, கோப்புகள் இல்லை. ‘தற்காலிக மனையில் நுழைந்துள்ளீர்கள்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு ஒருகணம் தோன்றி மறையலாம். நிகழ்ந்தது இதுதான்: ஒவ்வொரு பயனரின் அமைப்புகளும் ‘என்டியூசர் டாட்’ என்று பெயர்தொடங்கும் ஒரு கோப்பில் உள்ளன. மின்தடையாலோ வன்வட்டுப் பழுதாலோ, அல்லது நச்சுநிரல் தடுப்பான் அதை அந்நேரம் பிடித்து வைத்திருந்ததாலோ, அக்கோப்பைத் திறக்க முடியாமற்போனால், விண்டோஸ் ‘டெம்ப்’ என்ற பெயரில் ஒரு தற்காலிக மனையை அமைத்து நம்மை அங்கே குடியமர்த்துகிறது. பழைய மனை இடிக்கப்படவில்லை. அது ‘யூசர்ஸ்’ கோப்புறையில் தன் பெயரில் அப்படியே நிற்கிறது.

எங்கள் விடுதியில் ஆய்வுத்தோழி ஒருவருக்குச் சென்ற ஆண்டு இது நேர்ந்தது. மூன்று ஆண்டுக் களப்பணியின் ஒலிப்பதிவுகள் அந்தக் கணினியில் இருந்தன. பதிவுசெய்யப்பட்ட முதியவர்களுள் இருவர் இன்று உயிரோடில்லை. ஐதராபாத்தில் அவர் முதலில் நாடிய கடையில், கோப்புகள் அழிந்துவிட்டன என்றும் மறுநிறுவல் ஒன்றே வழி என்றும் கூறினர். அவர் ஒப்புதல் தருமுன் ‘யூசர்ஸ்’ கோப்புறையைத் திறந்து பார்த்தோம். அவர் பெயரிலான கோப்புறை அங்கே இருந்தது. ஒலிப்பதிவுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. மறுநிறுவலுக்கு ஒப்பியிருந்தால் அவை மெய்யாகவே அழிந்திருக்கும். அழிவு பிழையால் வரவிருக்கவில்லை. பிழைக்குச் சொல்லப்பட்ட தீர்வால் வரவிருந்தது.

எனவே வெறுமையான மேசைத்தளத்தைக் கண்டவுடன் செய்யத்தக்கவை இவை:

முதலாவது, அந்தத் தற்காலிக மனையில் புதிய கோப்பு எதையும் சேமிக்கலாகாது. வெளியேறியவுடன் அது அழிந்துவிடும்.

இரண்டாவது, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கோப்பு வேறொரு நிரலின் பிடியில் இருந்ததே காரணமாயின் பலமுறை இதுவே போதும்.

மூன்றாவது, சி டிரைவில் உள்ள ‘யூசர்ஸ்’ கோப்புறையைத் திறந்து பழைய மனை இருக்கிறதா என்று பார்த்து, வேண்டிய கோப்புகளை வெளிவட்டு ஒன்றுக்குப் படியெடுக்க வேண்டும். வேறு எந்தச் சீரமைப்பும் இதற்குப் பின்னரே.

நான்காவது, விண்டோஸின் பதிவகத்தில் ‘ப்ரொஃபைல் லிஸ்ட்’ என்னும் பகுதி உண்டு. எந்தப் பயனர் எண்ணுக்கு எந்த மனை என்ற அட்டவணை அது. தற்காலிக மனை உருவாகும்போது, பழைய பதிவின் வாலில் ‘பேக்’ என்ற ஒட்டு சேர்க்கப்பட்டு, அதே எண்ணில் புதிய பதிவு ஒன்று முளைக்கும். புதியதை நீக்கிப் பழையதன் ஒட்டை அகற்றினால் இணைப்பு மீளும். பதிவகத்தைப் படியெடுத்து வைத்த பின்னரே, பட்டறிவுடையோர் துணையோடு இதைச் செய்வது நன்று.

ஐந்தாவது, பயனரின் அமைப்புக் கோப்பே சிதைந்திருந்தால், புதிய கணக்கொன்றைத் தொடங்கிக் கோப்புகளை அங்கே கொண்டு செல்வதே முறை.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒன்டிரைவ் காப்புப்பிரதியை இயக்கினாலோ நிறுத்தினாலோ மேசைத்தளக் கோப்புறை இடம் மாறக்கூடும். மனை அதுவேதான்; ஓர் அறை மட்டும் பெயர்ந்திருக்கும். ஒன்டிரைவ் கோப்புறைக்குள் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

7. நம் பெயர்களும் அந்த மனையும்

மனையின் பெயர் கணக்கு தொடங்கும்போது ஒருமுறை முடிவாகிறது. பின்னர்த் திரையில் தோன்றும் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறுவதில்லை. அண்ணன் பயன்படுத்திய மடிக்கணினி தங்கைக்கு வந்து, அவள் பெயர் திரையில் ஏறிய பின்னும், உள்ளே மனை அண்ணன் பெயரிலேயே நிற்கும். கையால் கோப்புறையின் பெயரை மாற்ற முயன்று, அதனாலேயே தற்காலிக மனைக்குத் தள்ளப்பட்டோர் பலர். பெயரைத் திருத்தினால் அட்டவணையில் உள்ள முகவரி பொய்யாகிவிடும் என்பது இப்போது விளங்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கால் தொடங்கினால், மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகள் மனையின் பெயராகின்றன. ஆங்கில எழுத்தில் ஐந்து என்பது தமிழ்ப்பெயருக்குப் பெரும்பாலும் பாதிப்பெயரே. கயல்விழியின் மனை ‘கயல்’ என்றே நின்றுவிடும்.

உட்கணக்கைத் தமிழ் எழுத்தில் தொடங்கினால் மனையும் தமிழ்ப்பெயர் பெறும். விண்டோஸுக்கு அதில் இடர்ப்பாடில்லை. ஆனால் முகவரியில் ஆங்கில எழுத்தல்லாதவை வந்தால் தடுமாறும் மென்பொருள்கள் இன்னும் உள்ளன. ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழியேகூட, 2022இல் வந்த 4.2 பதிப்பில்தான் விண்டோஸில் ஒருங்குறியை இயல்பான குறியாக்கமாகக் கொண்டது. எனவே மனைக்கு ஆங்கில எழுத்தில் சிறுபெயர் வைத்து, திரைப்பெயரைத் தமிழில் அமைப்பதே இப்போதைக்கு இடரற்ற வழி. கசப்பான பரிந்துரைதான். நம் எழுத்தைக் கணினி பல ஆண்டுகளாகக் காட்டுகிறது. அதே எழுத்தில் நாம் குடியிருக்க எல்லா மென்பொருள்களும் இன்னும் இசையவில்லை.

8. இன்று பூட்டு மெய்யானது

விண்டோஸ் 95இன் திரைச்சீலைக் காலத்துப் பழக்கங்கள் இன்று பேரிழப்பில் முடியக்கூடும். புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தவுடன் வன்வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் பெறுகிறது. முன்பெல்லாம் கதவு திறக்காவிட்டாலும் வன்வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திக் கோப்புகளை மீட்கலாம். இப்போது அவ்வழி அடைபட்டது. தாய்ப்பலகை மாற்றத்துக்குப் பின்னோ, தொடக்க அமைப்புகளில் ஏற்பட்ட மாற்றத்தாலோ, கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், அந்த எண்ணே ஒரே திறவுகோல். அது கணக்கு உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அக்கணக்கு எது என்றே வீட்டார்க்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? கணினி வாங்கிய அன்று கடைக்காரர் தொடங்கித் தந்த மின்னஞ்சலில் பல வீட்டுக் கணினிகள் இன்றும் இயங்குகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மறைந்தால், அவர் எடுத்த ஒளிப்படங்களும் அவரோடு பூட்டப்பட்டுவிடும் நிலை இதனால் உண்டாகிறது.

ஆகவே நான்கு ஏற்பாடுகளை ஒவ்வொரு வீட்டிலும் செய்துவைக்க வேண்டுகிறேன். புழங்கும் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு தொடங்குக. கடவுச்சொல்லுடன் கூடிய இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றை, முதற்கணக்கு பழுதானால் உதவுவதற்கென ஒதுக்கி வைத்திடுக. இன்றியமையாக் கோப்புகளை வெளிவட்டில் மாதம் ஒருமுறை படியெடுக்க. இறுதியாக, எந்த மின்னஞ்சலில் கணக்கு உள்ளது என்பதையும் 48 இலக்க மீட்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரமும் குடும்ப அட்டையும் இருக்கும் பெட்டியில் வைத்து, வீட்டில் மற்றொருவருக்கும் சொல்லிவைக்க.

பழுதுநீக்குவோரிடம் செல்ல நேர்ந்தால், கணினியை ஒப்படைக்குமுன் ஒரு வினாவை மட்டும் தவறாமல் கேட்க: ‘யூசர்ஸ் கோப்புறையில் பார்த்தீர்களா?’

வரலாற்றுச் செய்திகளிலோ கலைச்சொற்களிலோ திருத்தமோ கூடுதல் விவரமோ இருப்பின் கருத்துப் பகுதியில் தெரிவிக்க வேண்டுகிறேன். ‘ப்ரொஃபைல்’ என்பதற்கு ‘மனை’யைவிடப் பொருத்தமான சொல் எவரிடமேனும் இருந்தால், அதையும் அறிய ஆவல்.